கல்லுக்கு வேலி, ஆளுக்கு லாரி

மாமல்லபுரத்தில் ஒரு பொருள் எப்போது கலை, எப்போது ஆக்கிரமிப்பு என்று தெரிந்துகொள்ளச் சிற்பக் கல்லூரியில் சேர வேண்டியதில்லை. அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஏசி அறையில், கண்ணாடி அலமாரிக்குள், வெல்வெட் துணி மேல் ஒரு மாக்கல் யானை நின்றால் அது கைவினைப் பொருள். சீட்டில் போட்டதே விலை. வாங்குபவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். அதே பட்டறையில் அதே கை தேய்த்து மெருகேற்றிய அதன் உடன்பிறப்பு, ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில் தார்ப்பாய் மேல் நின்றால் ஆக்கிரமிப்பு. அந்த யானைக்குப் பேரம் உண்டு, அபராதம் உண்டு, மாமூல் உண்டு, மாதம் ஒருமுறை லாரிப் பயணமும் உண்டு.

இந்த ஊருக்குப் பட்டங்களுக்கா பஞ்சம்? 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்றது. 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வந்தது. உலகக் கைவினைக் கழகமும் தன் பங்குக்குக் கற்சிற்ப நகரம் என்று மகுடம் சூட்டியது. 2022-இல் ஒன்றியச் சுற்றுலா அமைச்சகம் கணக்கு வெளியிட்டபோது நாம் எல்லாருமே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம்: 2021–22-இல் மாமல்லபுரம் பார்த்த வெளிநாட்டவர் 1,44,984 பேர், தாஜ்மகால் பார்த்தவர்கள் 38,922 பேர். ஷாஜகானைப் பல்லவன் வென்றான் என்று வாட்ஸ்அப்பில் வாகை சூடினோம்.

சரி, வென்ற படையில் முன்வரிசையில் நின்றது யார்? வந்த வெளிநாட்டவரிடம் இந்த ஊரின் சார்பாக முதலில் வாய் திறந்தது அமைச்சரா, ஆணையரா? கார்க் கதவைத் திறந்து காலைக் கீழே வைப்பதற்குள் கை நிறைய கிளிஞ்சல் மாலையோடு எதிரே வந்து நின்றவர்தான். பிரெஞ்சில் நாலு வார்த்தை, ஜெர்மனில் மூன்று, தெலுங்கிலும் இந்தியிலும் வங்காளத்திலும் முழுப் பேரமே பேசத் தெரிந்த ஆள். பன்மொழிப் புலவர் என்று யாரும் அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. ‘நச்சரிப்பு’ என்று பயணக் கையேடுகள் ஒரே சொல்லில் முடித்துக்கொள்கின்றன. மருமகள் பிரசவத்துக்குப் பணம் புரட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண், மதியம் மூன்று மணி வெயிலில், இன்னும் போணியே ஆகாத கையோடு உங்களிடம் நாலு முறை ‘வாங்கிக்குங்க சார்’ என்றால் அது நச்சரிப்பு. காப்பீடு விற்கிறேன், கடன் தருகிறேன் என்று உங்கள் மதியத் தூக்கத்தைக் கெடுக்கும் அழைப்புக்குப் பெயர் வாடிக்கையாளர் சேவை.

2019 அக்டோபர் 11, 12. இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்திக்கும் இடமாக மாமல்லபுரம் தேர்வானது. பாரம்பரியத்தைக் காட்டத்தான் இந்த ஊர் என்றார்கள். காட்டினார்கள். அதற்கு முன்னால், பாரம்பரியத்தில் மூச்சு விடுகிற பகுதி எதுவோ அதை முதலில் அப்புறப்படுத்தினார்கள். தரைக்கடைகள் போயின. தள்ளுவண்டிகள் போயின. கடைகளுக்குப் பூட்டு. மீனவர் கடலுக்குப் போகத் தடை. அர்ச்சுனன் தபசு பளிச்சென்று விளக்கில் நின்றது. ஐந்து ரதம் வாழை மரமும் பழக்குலையுமாகச் சிரித்தது. சிரிக்க அங்கே வேறு யாரையும் விட்டுவைக்கவில்லை.

இதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. தரைக்கடைகளில் மாக்கல் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே, பாரிமுனையில் மொத்த விலைக்கு எடுத்து வந்த சீன பொம்மைகளும் இருக்கும். சாவி கொடுத்தால் கை தட்டும் குரங்கு, பட்டனைத் தட்டினால் பாடும் பொம்மை. வருகிறவர் சீன அதிபர். தன் நாட்டுச் சரக்கைப் பல்லவர் தலைவாசலில் பரப்பிக் கொடுத்த உலக வணிக முகவரை ஒரு முறையாவது பார்த்துக் கை குலுக்கியிருக்கலாம். இரு நாட்டு உறவுக்கு அந்தக் கடையை விடச் சான்று வேறென்ன வேண்டும்? அதை லாரியில் ஏற்றிவிட்டு, நாச்சியார்கோவில் அன்ன விளக்கையும் தஞ்சாவூர் ஓவியத்தையும் பரிசாகக் கொடுத்தார்கள். இரண்டும் அருமையான பொருள்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த ஊர்க்காரர் கையிலிருந்து ஒரு சிப்பிச் சாவிக்கொத்தை, பத்து ரூபாய் கொடுத்து, மீதிச் சில்லறை வாங்காமல், ஒரு தலைவராவது வாங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்கு அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். வாங்க ஆள் வந்தார். விற்க ஆளை விடவில்லை.

மறுநாள் காலை பிரதமர் கடற்கரையில் அரைமணி நேரத்துக்கு மேல் குப்பை பொறுக்கினார், காணொளி வந்தது, நாடே பார்த்தது. விற்கிறவர்கள் போய்விட்டார்கள், பொதுமக்களைக் கிட்டத்தில் விடவில்லை, கோவளம் வரை பாதுகாப்பு வளையம். அப்படியும் அரைமணி நேரத்துக்குப் போதுமான குப்பை அங்கே இருந்தது. ஆண்டு முழுக்கக் குப்பைக்குக் காரணம் தரைக்கடைக்காரர்தான் என்று அபராதச் சீட்டு கிழிக்கிறார்களே, அவர்களில் யாராவது அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு ஒரு சீட்டையாவது திருப்பி வாங்கிக்கொண்டதாகத் தகவல் இல்லை.

மாமல்லபுரத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நாடு முழுக்க இதுதான் விருந்தோம்பல் முறை. 2020 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் வருகிறார் என்று அகமதாபாத்தில் குடிசைகளுக்கு முன்னால் சுவர் எழுப்பினார்கள். 2023-இல் ஜி-20 மாநாட்டுக்கு டெல்லியில் பச்சைத் துணி கட்டி மறைத்தார்கள். விருந்தாளி வந்தால் நம் வீட்டில் கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளறையில் போடுவோமே, அரசாங்கம் ஆட்களைச் சுருட்டிப் போடுகிறது.

தரைக்கடைக்காரர் மீது இன்னொரு நிரந்தரக் குற்றச்சாட்டு: வெள்ளைக்காரனைப் பார்த்தால் விலையை ஏற்றிச் சொல்கிறார்கள், நாட்டின் பெயர் கெடுகிறது. உண்மைதான், ஏற்றித்தான் சொல்கிறார்கள். இருநூறு ரூபாய் மாலையை ஐந்நூறு என்பார்கள். அதிகம் போனால் இரண்டரை மடங்கு. பிறகு அவரே இறங்கி வந்து இருநூற்றைம்பதுக்குக் கட்டிக் கொடுப்பார். இப்போது கடற்கரைக் கோயில் டிக்கெட் கவுண்டருக்கு வாருங்கள். இந்தியருக்கு 40 ரூபாய். சார்க், பிம்ஸ்டெக் நாட்டினருக்கும் அதே 40. மற்ற வெளிநாட்டவருக்கு 600. பதினைந்து மடங்கு! பலகையில் பெரிய எழுத்தில், அரசு முத்திரையோடு. பேரம் பேசிப் பாருங்கள், பார்ப்போம். ‘லாஸ்ட் பிரைஸ் எவ்வளவு’ என்று கேட்டால் கவுண்டர்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். தோலைப் பார்த்து இரண்டரை மடங்கு கேட்பவன் ஏமாற்றுக்காரன். பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதினைந்து மடங்கு வாங்குவது தொல்லியல் துறை. 2019-இல் தலைவர்கள் வந்துபோன கையோடு, அதுவரை யாரும் காசு கொடுக்காமல் போய் முதுகைக் கொடுத்துத் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொண்ட வெண்ணெய் உருண்டைப் பாறைக்கும் டிக்கெட் போட்டார்கள். உருண்டை அவர்கள் செதுக்கியதுகூட இல்லை. சரக்கு தயாரிக்காமல், முதல் போடாமல், கூவிக்கூட விற்காமல் 600 ரூபாய்க்கு வியாபாரம். இந்தத் தொழில் நுணுக்கத்தைத் தரைக்கடைக்காரர் எந்தப் பட்டறையில் போய்க் கற்பது?

அந்த உருண்டையைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. 1908-இல் சென்னை கவர்னர் ஆர்தர் லாலி, பாறை உருண்டு விழுந்துவிடும் என்று பயந்து ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னாராம், பாறை அசையவில்லையாம். இருநூற்றைம்பது டன் பாறை, ஏழு யானைக்கும் அசையாமல் சரிவில் நிற்கிறது. நாற்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணையும் அவள் மூட்டையையும் அசைக்க ஒரு விசில் போதும்.

அந்த விசிலைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் சத்தம் கேட்பது தெருமுனைக் கரும்புச்சாறு வண்டிக்காரருக்கு. அவர் குரல் கொடுக்க மாட்டார், எந்திரத்தை நிறுத்துவார். அந்த மணிச்சத்தம் நின்றதும் வரிசை முழுக்கக் கைகள் பறக்கும். மாலை விற்பவர் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடலாம். சிப்பிக்காரர் தார்ப்பாயின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து ஓடிவிடலாம். கல்லுக்காரர் எங்கே ஓடுவது? ஒரு மூட்டை கல்லைத் தூக்கிக்கொண்டு ஓட அவர் என்ன அனுமாரா? தாளில் சுற்ற நேரமில்லை. நந்தி மேல் புத்தர், புத்தர் மேல் யானை, யானை மேல் கடற்கரைக் கோயில் என்று லாரியில் வீசுவார்கள். கல்லில் கல் மோதும் சத்தம் ஒன்று இருக்கிறது. ஒரு வாரத்து உழைப்பு, இரவெல்லாம் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்த மெருகு, எல்லாம் அந்தச் சத்தத்தில் முடியும். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரி, உடையாத பிள்ளையார் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். ‘நல்லா இருக்கே’ என்பார். அந்தப் பிள்ளையார் லாரியில் ஏற மாட்டார். ஜீப்பில் முன் சீட்டில் போவார்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதைப் படித்தால் கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவு நல்ல சட்டம். கணக்கெடுப்பு முடியும் வரை, சான்றிதழ் கொடுக்கும் வரை, யாரையும் எழுப்பக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பறித்த சரக்குக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். அழுகாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கல் அழுகாது என்பதில் சட்டத்துக்கும் நமக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் திரும்பி வரும் யானைகளுக்குத் தும்பிக்கை இருக்காது. பிள்ளையாருக்கு மட்டும் கவலையில்லை. ஒரு தந்தம் உடைந்தால் அதுவே அவருக்கு இலக்கணம். லாரியில் போய்வந்த பிள்ளையாரை ‘ஏகதந்தர்’ என்று பத்து ரூபாய் கூடச் சொல்லி விற்கும் சாமர்த்தியம் அந்த வரிசையில் உண்டு.

சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஒரு மணியான விதி ஒளிந்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் இடத்தில் சாலையோர வியாபாரம் நடந்துவந்தால் அதைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும். அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது. பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்டாலே மெய்சிலிர்க்கும் அரசுகள் இந்த ஒரு பாரம்பரியத்தின் முன்னால் மட்டும் ஏன் ஊமையாகிவிடுகின்றன? பல்லவன் கோயிலைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுச் சுவர் எழுப்பக் கூடாது என்ற விதி எல்லா அதிகாரிக்கும் மனப்பாடம். அதே ஊரில் சங்கும் சிப்பியும் பாட்டி விற்றாள், அம்மா விற்றாள், இப்போது மகள் விற்கிறாள் என்றால் அது எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

ஆகவே எனக்கு ஒரு யோசனை. இந்த ஊரில் கைதேர்ந்த சிற்பிகளுக்குக் குறைவில்லை. தரைக்கடைக்காரர்களை அப்படியே கல்லில் வடித்துவிடலாம். கையில் மாலை, தோளில் பை, வாயில் ‘குட் பிரைஸ்’. உயிரோடு இருக்கும்வரை ஆக்கிரமிப்பாளர், கல்லாகிவிட்டால் சின்னம். சுற்றி வேலி போடுவார்கள், இரவில் விளக்குப் போடுவார்கள், தொட்டால் தண்டனை என்று மூன்று மொழியில் பலகை வைப்பார்கள், 600 ரூபாய்க்கு டிக்கெட்டும் போடுவார்கள். புதிய யோசனை என்று பெருமை அடித்துக்கொள்ளவும் வழியில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்பே இதைச் செய்துவிட்டார்கள். கிருஷ்ண மண்டபத்துக்குள் போய்ப் பாருங்கள்: பால் கறப்பவன் ஒருவன், தலையில் சுமையோடு போகிறவள் ஒருத்தி. வேலை செய்கிற மக்களை மலைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தான் பல்லவச் சிற்பி. அந்தத் தலைச்சுமைக்காரியைப் பார்க்க உலகத்தை அழைக்கிறோம். மண்டபத்துக்கு வெளியே நிற்கும் தலைச்சுமைக்காரியை லத்தியால் ஒதுங்கச் சொல்கிறோம்.

அர்ச்சுனன் தபசில் ஒரு பூனையும் உண்டு. தவம் செய்வதுபோல் இரண்டு கையையும் தூக்கி நிற்கும். காலடியில் எலிகள் நம்பிக்கையோடு கூடியிருக்கும். நல உதவி வழங்கும் விழாக்களில் மேடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூனை நினைவு வந்து தொலைக்கிறது.

பூஞ்சேரியில் நரிக்குறவர் குடும்பங்கள் இருக்கின்றன. பாசிமணி, ஊசிமணி கோத்து விற்பவர்கள். 2021 தீபாவளியன்று முதலமைச்சரே அங்கே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழ்களும் கொடுத்தார். பின்னர் நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலிலும் சேர்ந்தார்கள். இவை நல்ல காரியங்கள். தாமதமாக வந்த நல்ல காரியங்கள். குடியிருக்கப் பட்டா வந்தது. மணி விற்க உட்காரும் நாலடி இடத்துக்கு? அங்கே மட்டும் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே நிலைமை: எழுந்திரு.

பட்டா வந்த மறு ஆண்டு அதே பூஞ்சேரியில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட். சின்னமாக ஒரு குதிரை. வேட்டி சட்டை கட்டி, கை கூப்பி, பெயர் ‘தம்பி’. பாலத்தில் தம்பி, பேருந்தில் தம்பி, நடைபாதையில் ஆளுயரத் தம்பி. எவரும் ‘அனுமதி இருக்கா’ என்று கேட்கவில்லை, நடைபாதைக்கு இடைஞ்சல் என்று லாரியில் ஏற்றவில்லை. வேட்டி கட்டிய குதிரை வணக்கம் சொன்னால் தமிழ்ப் பண்பாடு. லுங்கி கட்டிய மனிதன் அதே இடத்தில் நின்று அதே வெளிநாட்டுக்காரருக்கு வணக்கம் சொன்னால் அவன் தம்பியல்ல, ‘டேய்’.

கோபத்தை முழுக்க அரசின் தலையில் கொட்டிவிட்டு நாம் தப்பிக்கக் கூடாது. சனிக்கிழமை ஓ.எம்.ஆரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வரும் நம் சாதி மக்கள் இருக்கிறோமே. வழியில் முந்நூற்றைம்பது ரூபாய்க்குக் குளிர்ந்த காப்பி. பில்லில் வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்திருந்தாலும் வாய் பேசாமல் அட்டையைத் தேய்ப்போம். இறங்கியதும் நூறு ரூபாய் மாக்கல் ஆமையை நாற்பதுக்குக் கேட்போம். எண்பது என்பார், திரும்பி நடப்போம். எழுபது, அறுபது என்று பின்னால் ஓடிவருவார். ஐம்பதுக்கு முடித்துவிட்டு, ‘நான்லாம் ஏமாற மாட்டேன்’ என்று மனைவியிடம் சொல்வோம். அந்த ஆமையை ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். தூசி நுரையீரலுக்குப் போயிருக்கிறது. வண்டியோட்டியும் கைடும் வேறு ‘ரோட்ல வாங்காதீங்க, டூப்ளிகேட்’ என்று அழைத்துப்போய், கமிஷன் கிடைக்கும் பெரிய கடையின் வாசலில் இறக்கிவிடுவார்கள். அங்கே அதே ஆமை எழுநூறு ரூபாய். கூட ஒரு துணிப்பை இலவசம்.

இத்தனைக்கும் நடுவே அரசு கடனும் கொடுக்கிறது. 2020 ஜூனில் வந்த ஸ்வநிதி திட்டம்: சாலையோர வியாபாரிக்குப் பிணையில்லாமல் முதலில் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000 என்று 2025 வரை கணக்கு. தண்டல்காரரிடம் காலையில் ஒன்பதாயிரம் வாங்கிப் பத்தாயிரமாகக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்தான், சந்தேகமில்லை. சிக்கல் என்னவென்றால், கடன் கொடுக்கும்போது அவர் அரசாங்கத்தின் கண்ணுக்கு வியாபாரி. அடையாள அட்டை, க்யூஆர் கோடு, கைபேசியில் வாழ்த்துச் செய்தி எல்லாம் உண்டு. அந்தக் கடனில் வாங்கிய சரக்கைப் பரப்பி உட்காரும்போது அவர் ஆக்கிரமிப்பாளர். ஒரு மேசை சரக்குக்குப் பணம் கொடுக்கிறது, இன்னொரு மேசை சரக்கைத் தூக்கிக்கொண்டு போகிறது. இரண்டு மேசைக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இருக்காது. அதைக் கடந்து ஒரு காகிதம் போய்ச் சேர எத்தனை ஆட்சி மாற வேண்டுமோ.

மாக்கல் விற்கும் ஓர் அக்காவிடம் இதைக் கேட்டேன். யானைகள் லாரியில் போன வாரமே தவணைக்கு நினைவூட்டல் வந்திருந்தது. கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“சரக்க எடுத்துட்டுப் போனாங்கல்ல, இந்த மாசத் தவணைய அவுங்களையே கட்டச் சொல்லி எழுதுங்க சார். பேப்பர்ல போடுங்க. என் பேரு வேணாம். பேரு வந்துச்சுன்னா நாளைக்கு அந்த எடத்துலயும் உக்கார விட மாட்டானுங்க.”